அடுக்கு நழுவிய நாள்

அம்மாவின் பிறந்தநாள் மே மாதத்தில் வருகிறது என்பதே, பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியை வைத்துத்தான். எங்களுக்கெல்லாம் பாயசம் வைத்தவள் தனக்கென்று அந்த நாளில் எதுவும் செய்துகொண்டதில்லை. எழுபதாவது வயதிலாவது ஒரு கேக் வெட்டட்டும் என்று பேச்சை எடுத்தது நான்தான். செய்வதற்குக் குடும்பத்திலேயே ஆள் இருந்தது. என் தம்பி மனைவி செம்பாக்கத்தில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறாள். உணவுப் பாதுகாப்புத் துறையில் ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு வாங்கி, அந்த எண்ணை ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டுகிறவள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘டைம் பாஸ்’.

இரண்டு அடுக்கு, நடுவில் பங்கனப்பள்ளித் துண்டுகள் நிறைய வேண்டும் என்றேன்.

“நிறைய வேணாம் அண்ணி, மாம்பழம் வழுக்கும். ஓரத்துல க்ரீம்ல வரப்பு கட்டி, உள்ள கொஞ்சமா வைக்கிறேன்.”

“அம்மாவுக்குப் பழம்தான் பிடிக்கும். நிறையவே வை.”

சாயங்காலம் தம்பி வந்ததும் காரில் எடுத்து வருவதாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை. முடிச்சூர் வீட்டுக்கு ஆட்கள் வந்துவிடுவார்களே என்று மதியமே போய்ப் பெட்டியை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினேன். அக்னி நட்சத்திர வெயில். ராஜகீழ்ப்பாக்கம் வரை ஒன்றும் தெரியவில்லை. கேம்ப் ரோடு சிக்னலில் நின்ற நேரத்தில் பெட்டியின் அடிப்பக்கம் சூடாக இருந்தது. வெண்ணெய் 32 டிகிரியிலிருந்து 35க்குள் உருகிவிடும். அதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். என் மடியின் சூடே அதற்குப் போதும். சேலையூரில் ஒரு வேகத்தடை, பிறகு இன்னொன்று. பாலம் ஏறி மேற்குத் தாம்பரத்தில் இறங்கியபோது பெட்டிக்குள் ஏதோ மெத்தென்று ஒரு பக்கமாகச் சாய்ந்ததை என் தொடை உணர்ந்தது. திறந்து பார்க்கத் துணிவில்லை.

எல்லோர் முன்னாலும் திறந்தோம். மேல் அடுக்கு பாதி நழுவி, பெட்டிச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. இடையிலிருந்து மாம்பழம் வழிந்துகொண்டிருந்தது.

“இவ செய்றது இப்படித்தான். காசு குடுத்து வாங்குறவங்க பாவம்” என்றான் தம்பி. வீடே சிரித்தது. அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள். தம்பி மனைவி ஒன்றும் சொல்லாமல் தோசைத் திருப்பியை எடுத்து வந்து மேல் அடுக்கை மெல்லத் தள்ளி நிறுத்தினாள். பழத்தைக் கேட்டது நான், வெயிலில் எடுத்து வந்தது நான் என்பது அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பிரித்தாலும் பொருள் தருவது அடுக்குத்தொடர் என்று ஒரு இலக்கண ஜோக் மட்டும் அடித்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவழிக்கிறாள், ஆண் 97 நிமிடங்கள் என்று 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு சொல்கிறது. ஆண்டுதோறும் வகுப்பில் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதுவேன். அந்தக் கேக்குக்கு அவளுக்கு நான் பணம் கொடுக்கவில்லை. அதற்கு முன்பு வாங்கிய ஐந்தாறு கேக்குகளுக்கும்தான். ‘நம்ம வீட்டுப் பெண்’ என்ற சொல்லில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆகஸ்டில் என் மகளுக்குப் பிறந்தநாள். முதல் நாளே செம்பாக்கம் போய் அவள் சமையலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எதற்கு வந்தேன் என்று அவளும் கேட்கவில்லை.

கேக் முந்தின இரவே வெந்து முழுக்க ஆறியிருந்தது. சூடு துளி இருந்தாலும் க்ரீம் இளகிவிடுமாம். ரம்பப்பல் கத்தியால் மேலே உப்பியிருந்த பகுதியைச் சீவி எடுத்தாள். கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து குனிந்து பார்த்தாள், இன்னொரு சீவல். மேடு இருந்தால் மேல் அடுக்கு அதன்மேல் சறுக்கும். அட்டையின் நடுவில் ஒரு கரண்டி க்ரீமைத் தடவி, அதன்மேல் முதல் அடுக்கை ஒட்டவைத்தாள். அட்டையிலிருந்தே கேக் வழுக்கிப் போவதும் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு வரப்பு. கெட்டியான க்ரீமை ஓரத்தைச் சுற்றிப் பிழிந்தாள், ஒரு விரல் உயரம். பழத்துண்டுகளைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, வரப்புக்குக் கீழேயே நிற்கும்படி உள்ளே பரப்பினாள். சர்க்கரை பட்டால் பழம் நீர்விடும், அந்த நீர்தான் வழுக்கும். இரண்டாம் அடுக்கைக் கவிழ்த்து வைத்தாள், சமமான அடிப்பக்கம் மேலே வரும்படி. மெல்லியதாக ஒரு பூச்சு, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜ். இடையில் கரண்ட் போனது. ஃபிரிட்ஜைத் திறக்காதே என்று குழந்தையை அதட்டினாள். அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடைசியில் இரண்டு மூங்கில் குச்சிகளை உயரத்துக்கு நறுக்கி, மேலிருந்து அடிவரை இறக்கினாள். அந்த ஓட்டைகளையும் க்ரீமால் மூடினாள்.

“மே மாசம் இதை ஏன் வைக்கல?”

“வெச்சேன் அண்ணி. பழம் அவ்வளவு இருந்தா குச்சி என்ன செய்யும்?”

விலை கேட்டேன். “உங்ககிட்ட என்ன அண்ணி” என்றாள். திரும்பவும் கேட்டேன். 1,400 என்றாள், குரல் இறங்கி. பழைய கேக்குகளுக்கும் சேர்த்து எண்ணி ஒரு தொகையைப் போனில் அனுப்பினேன். பார்த்துவிட்டு, “இது ரொம்ப ஜாஸ்தி” என்றவள் திருப்பி அனுப்பவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது.

மறுநாள் தம்பிதான் காரோட்டினான். கேக் இருக்கையில் இல்லை, என் காலடியில், சமதளத்தில், ஏசி காற்று படும்படி. கேம்ப் ரோடு தாண்டியதும், “அன்னிக்கு அம்மா கேக் சாய்ஞ்சது என்னாலதான். பழம் நிறையக் கேட்டது நான், வெயில்ல தூக்கிட்டு வந்ததும் நான்” என்றேன். “அதான் முடிஞ்சு போச்சேக்கா” என்று அவன் கியர் மாற்றினான். முன் இருக்கையில் அவள் திரும்பவில்லை. பாலம் இறங்கும்வரை யாரும் பேசவில்லை.

“ரெண்டு குச்சி இருக்கு அண்ணி” என்றாள் பிறகு. “வெட்றதுக்கு முன்னாடி மறக்காம எடுத்துடுங்க.”