உருளையும் ஒளியும்

மேற்கு மாம்பலத்தில் ஒரே ரூமில் மூன்று பிரம்மச்சாரிகள். எனக்குத் தெரிந்த சமையலும் மூன்று: உருளைக்கிழங்குப் பொரியல், உருளைக்கிழங்குக் குழம்பு, அப்பளம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஜன்னலோரம் இரண்டு வாரமாகக் கிடந்த கிழங்குகளை எடுத்து நறுக்கினேன். தோல் பச்சையாக இருந்தது. 'பிஞ்சு போலிருக்கிறது' என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, சத்து வீணாகக் கூடாதென்று தோலோடு வதக்கினேன். வாயில் போட்டால் லேசாகக் கசந்தது. அதற்கென்ன, மிளகாய்ப் பொடி இன்னொரு ஸ்பூன்!

விடிகாலை இரண்டு மணிக்கு என் ரூம்மேட் பாத்ரூமுக்கு ஓட ஆரம்பித்தான். வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி. நாலு மணிக்கு ஆட்டோ பிடித்தோம். டியூட்டி டாக்டர் மெனுவைக் கேட்டார். சொன்னேன்.

"பச்சைக் கிழங்கா? தோலோடயா? அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே அதைத் தொடாதீங்க."

இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். மறுநாள் அவன் அம்மா ஊரிலிருந்து போன் செய்து, "நீதானப்பா அவனைப் பாத்துக்கணும்" என்றாள். பொரியல் செய்தது யார் என்று அவன் சொல்லவில்லை. நல்ல பையன். எனக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

ஆபீசில் அக்கவுண்ட்ஸில் ஒரு கோத்தகிரிக்காரர் உண்டு. பரம்பரையாக உருளை போடுகிற குடும்பம். கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, உருளை வேரா? அது மண்ணுக்குள்ள இருக்கற தண்டு. வெளிச்சம் பட்டா இலை மாதிரி பச்சை பிடிக்கும். அந்தப் பச்சை விஷமில்லே. அதே வெளிச்சத்துல கூடவே சொலனின்னு ஒண்ணு ஏறும். அது விஷம். கசந்துதா? கசந்தா துப்பணும். மிளகாய்ப் பொடி போடக் கூடாது!"

வேக வைத்தால் போய்விடாதா என்றேன். போகாதாம். கொதிக்கிற தண்ணீருக்கெல்லாம் சொலனின் அசையாது. அது அதிகமாக இருப்பது தோலிலும், கண்ணிலும், முளையிலும். அங்கங்கே லேசாகப் பச்சை தெரிந்தால் ஆழமாகச் சீவி எறியலாம். கிழங்கே பச்சையாக இருந்தால் முழுசாகவே எறிய வேண்டியதுதான். கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் பயமில்லை என்பது பொதுவான கணக்கு. நம் கையில் ஏது லாபரேட்டரி? கண்ணும் நாக்கும்தான்.

லண்டனிலேயே இது நடந்திருக்கிறது. 1969இல் ஒரு பள்ளிக்கூடத்தில் லீவுக்கு முன் மிஞ்சிய ஒரு மூட்டைக் கிழங்கை லீவு முடிந்து வந்து சமைத்துப் போட, 78 பையன்கள் படுத்துவிட்டார்கள். 17 பேர் ஆஸ்பத்திரியில். எல்லாரும் பிழைத்தார்கள். இதைப் படித்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. வெள்ளைக்காரனுக்கே தெரியவில்லை, வெஸ்ட் மாம்பலத்துக்காரனுக்கா தெரியும்!

அடுத்த ஞாயிறு, ஒழுங்காக உருளை வாங்கக் கற்றுக்கொள்வது என்று பையோடு கிளம்பினேன்.

முதலில் ரங்கநாதன் தெரு. 2023இல் திறந்த ஆகாய நடைபாதையில் மேலேயே போனால் தி.நகரின் நெரிசல் சினிமா மாதிரி தெரியும். கீழே இறங்கினால் நாமே அதில் துணை நடிகர். அந்த ஊருக்கு வெளிச்சம்தான் உயிர். தங்கம் ஜொலிக்க, பட்டு மின்ன, குக்கர் பளபளக்க எங்கும் விளக்கு. ஒரு கடையில் அந்த விளக்குக்கு நேர் கீழே உருளையையும் குவித்திருந்தார்கள். ஒன்றை எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கம் பழுப்பு, மேல்பக்கம் பச்சை. தங்கத்துக்கு நல்லது செய்கிற விளக்கு உருளைக்குச் செய்யாது.

அங்கிருந்து பஸ்ஸில் மயிலாப்பூர். தெற்கு மாடவீதிக் காய்க்கடைகளைப் பற்றி நான் எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. வாழைப்பூவை ஆய்ந்து கொடுப்பார்கள். கறிவேப்பிலைக்குக் காசு கேட்டால் மாமிகள் கோபித்துக்கொள்வார்கள். உருளை மட்டும் இங்கே கொஞ்சம் அந்நியன். திவசச் சமையலில் இன்றும் 'இங்கிலீஷ் காய்' என்று தள்ளிவைக்கிற வீடுகள் உண்டு. மற்ற நாட்களில் ரோஸ்ட்டுக்கு அடிதடி!

ஓர் ஆயா சாக்கு மூட்டையைப் பாதி மட்டும் பிரித்துவைத்து, மேலே இன்னொரு ஈரமில்லாத கோணியைப் போர்த்தியிருந்தார்.

"எதுக்கு ஆயா மூடி வெச்சிருக்கீங்க?"

"வெயிலு பட்டா பச்சை பூடும் கண்ணு. எவன் வாங்குவான்?"

"உள்ளே கை விட்டுப் பொறுக்கலாமா?"

"பொறுக்கு. நகத்தால கீறாதே. கீறினா அயுவிப் பூடும்."

சொலனின் என்ற பெயரே தெரியாத ஆயா! கோத்தகிரிக்காரர் ஒரு மணி நேரம் சொன்ன பாடத்தை ஒரு கோணியில் முடித்துவிட்டார். அழுத்தினால் கல் மாதிரி, சுருக்கமில்லாமல், முளையில்லாமல் ஒரு கிலோ பொறுக்கினேன்.

கற்றது கற்றோம், அடையாறையும் பார்த்துவிடலாமே என்று பறக்கும் ரயிலில் கஸ்தூரிபா நகர். ஏ.சி. குளிரும், கூடையும், கண்ணாடி மாதிரி பாலிதீன் பையில் குளிப்பாட்டிய உருளையும் வரவேற்றன. மண் ஒட்டிய கிழங்கைப் பார்த்தால் முகம் சுளிக்கிறோம் என்று கழுவிக் கொடுக்கிறார்கள். மண் போனால் வெளிச்சம் சுலபமாக உள்ளே நுழைகிறது. ஆறு பை பார்த்தேன், இரண்டில் பச்சை. அதைச் சொன்னபோது கடைப் பையன், "ஃப்ரெஷ் ஸார், அதான் க்ரீன்" என்றான். போன மாதம் வரை நானும் அவன் கட்சிதான்.

திங்கட்கிழமை கோத்தகிரிக்காரரிடம் அறிக்கை கொடுத்தேன். ரூமில் மிச்சமிருந்த நாலு பச்சைக் கிழங்கையும் எறிந்துவிடப் போகிறேன் என்றேன்.

"எறியாதே! அதுதான் விதைக்கிழங்குக்கு லட்சணம்" என்றார்.

சமையலுக்கு ஆகாதது விதைக்கு ஆகுமாம். நடுவதற்கு முன் விதைக்கிழங்கை அவர்களே நிழலான வெளிச்சத்தில் பரப்பி, பச்சை பிடிக்கவைத்து, குட்டையாகக் கெட்டியாக முளைகட்ட விடுவார்கள். இருட்டில் வரும் முளை வெள்ளையாக, நீளமாக, தொட்டால் ஒடியும். முட்டை அளவு, நாற்பது ஐம்பது கிராம் இருந்தால் முழுசாக நடலாம். பெரிதென்றால் துண்டுக்கு இரண்டு கண் இருக்கிற மாதிரி வெட்டி, வெட்டுவாய் காய்ந்த பிறகுதான் மண்ணுக்குள்.

"ஆனா ஒண்ணு, கடைக் கிழங்கு தொட்டி விளையாட்டுக்குத்தான். வயலுக்கு ஆகாது. கண்ணுக்குத் தெரியாத வைரஸ் உள்ளேயே இருக்கும்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. நீலகிரிக்குப் பட்ட அனுபவம் உண்டு. 1961இல் ஊட்டிப் பக்கம் உருளை வேரைத் தாக்கும் நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். அதன் முட்டைக் கூடு கடுகைவிடச் சின்னது. மண்ணில் வருஷக்கணக்கில் காத்திருக்கும். அது கிழங்கோடும் மண்ணோடும் பரவும் என்பதால், நீலகிரி விதைக்கிழங்கை மலையை விட்டு இறக்கத் தடை வந்தது. புழுவைத் தாங்குகிற குஃப்ரி ஸ்வர்ணா ரகம் வந்தது 1985இல்தான். குஃப்ரி என்பது சிம்லாவுக்குப் பக்கத்து ஊர். உருளை ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் ரகங்களுக்கெல்லாம் அதையே இனிஷியலாக வைத்துவிட்டார்கள். கோலார் விவசாயி இன்று விதைக்கிழங்குக்கு ஜலந்தரைப் பார்க்கிறார். ஒரு கிழங்குக்கு இவ்வளவு பயணமா என்று மலைத்துப்போனேன்.

மார்கழியில் மொட்டைமாடியில் இரண்டு பெயிண்ட் பக்கெட், அடியில் ஓட்டை, செம்மண், மட்கிய சாணம். நாலு கிழங்கையும் நட்டேன். செடி ஜோராக வந்தது. ஹவுஸ் ஓனர் மாமா, "கீரையாப்பா? பறிச்சுக்கட்டுமா?" என்றார். பாய்ந்து தடுத்தேன். அந்த இலையும் சாப்பிடக் கூடாதது.

மூன்று மாதம் கழித்து ரூமே கூடி பக்கெட்டைக் கவிழ்த்தது. ராத்திரி இருபது டிகிரிக்கு மேல் போனால் உருளை கிழங்கு கட்டத் தயங்கும்; நம் சென்னையில் மார்கழி ராத்திரியே இருபதுக்குக் கீழே இறங்க யோசிக்கும். விளைச்சல்: கோலிக்குண்டு அளவில் ஐந்து, எலுமிச்சம்பழ அளவில் ஒன்று.

அந்த ஒன்றும் மண்ணுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. செடி வளர வளர மண் அணைக்க வேண்டும் என்று கோத்தகிரிக்காரர் சொன்னதை மறந்துவிட்டேன். நல்ல கிளிப்பச்சை.

ரூம்மேட் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னிக்கு என்ன, மாமா மெஸ்ஸா?" என்றான்.