குழந்தைகளின் பிறந்தநாளுக்குக் கோஷர் கேக்

அமெரிக்காவில் யூத உணவு விதிகளான கோஷர் விதிகளைக் கடைப்பிடிக்கும் யூதக் குடும்பங்களுக்குப் பிறந்தநாள் கேக் வாங்குவது விலையை மட்டும் பார்த்து முடிகிற வேலையல்ல. மாவு, முட்டை, சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தாலும், கோஷர் அல்லாத அடுப்பில் வெந்த கேக் கோஷர் ஆகாது. ஜெலட்டின், பன்றிக் கொழுப்பு, பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிவப்பு ஆகியவை அலங்காரத்தின் வழியாகவும் நுழைந்துவிடும். அதனால்தான் பெட்டியில் சான்று முத்திரையைத் தேடுகிறார்கள். வட்டத்துக்குள் 'யூ' எழுத்துள்ள ஆர்த்தடாக்ஸ் யூனியன் முத்திரை பரவலானது. பக்கத்தில் 'டி' இருந்தால் பால் வகை.

பாலும் இறைச்சியும் சேரக் கூடாது என்பதால், விருந்தில் இறைச்சி இருந்தால் பால் கேக்குக்கு இடமில்லை. இறைச்சிக்குப் பின் பால் பொருள் சாப்பிடப் பல குடும்பங்கள் 6 மணி நேரம் காத்திருக்கும். குழந்தைகள் விருந்தில் அது நடக்காத காரியம். பாலோ இறைச்சியோ கலக்காத 'பார்வே' கேக்தான் அங்கே கைகொடுக்கும். வெண்ணெய்க்குப் பதில் எண்ணெயோ மார்கரினோ; மேலே பால் கலக்காத கிரீம்.

சான்றுக்கான கண்காணிப்புச் செலவும் சேர்வதால் தனிக் கோஷர் பேக்கரிகளில் விலை கூடும். சான்று பெற்ற பேக்கரிப் பிரிவு உள்ள சூப்பர் மார்க்கெட்டில் அலங்காரமில்லாத செவ்வகக் கேக்கை வாங்கி, முத்திரையுள்ள வண்ண மிட்டாய்த் துகள்களை வீட்டிலேயே தூவுவது சிக்கனம். முத்திரையுள்ள கேக் மாவு பாக்கெட் அதைவிட மலிவு. ஆனால் வகுப்பில் கொண்டாடுவதென்றால், பல யூதப் பள்ளிகள் வீட்டில் சுட்டதை ஏற்பதில்லை. பிரிக்காத பெட்டியைக் கேட்கின்றன. கடைப்பிடிப்பு வீட்டுக்கு வீடு மாறும் வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் ஒரே கேக்கைச் சாப்பிட அது நியாயமான ஏற்பாடுதான். யூதர்களின் பஸ்கா பண்டிகை நாட்களில் பிறந்தநாள் வந்தால் வழக்கமான கோதுமைக் கேக்கும் கூடாது. உருளைக்கிழங்கு மாவிலோ பாதாம் பொடியிலோ செய்வார்கள்.