ஆறிய எஞ்சினும் அம்மாவின் பயணமும்

அம்மாவால் இப்பொழுதெல்லாம் நெடுநேரம் உட்கார இயலுவதில்லை. வேன் ஒன்று இருந்தால், வழியில் நிழல் கண்ட இடத்தில் நிறுத்திப் பின்னிருக்கையில் அவரைச் சற்றுப் படுக்க வைத்து, திண்டுக்கல் வரை அழைத்துச் செல்லலாம் என்று எண்ணினேன். கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது பழைய மாருதி ஆம்னி. 1984-இல் வெளிவந்து, 2019-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது.

மேற்கு மாம்பலம் லேக் வியூ சாலையருகே ஒரு சந்தில் அத்தகைய வேன் விலைக்கு வந்தது. உரிமையாளர் ஓய்வுபெற்ற பெரியவர். நாங்கள் சென்ற மாலையில் வண்டியை முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார். சாவியைத் திருப்பியதும் கிளம்பிற்று. முன்பணம் எடுக்க என் கை சட்டைப்பைக்குச் சென்றது. உடன் வந்த மெக்கானிக் முழங்கையைத் தொட்டுத் தடுத்தார்.

"நாளைக் காலை வருகிறோம், ஐயா. அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்."

ஆம்னியின் எஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது. மூன்று சிலிண்டர், 796 சி.சி.; நீரால் குளிர்வது. அதன் ரேடியேட்டர் மூடி, நம் வீட்டுப் பிரஷர் குக்கரைப் போல அழுத்தத்தை அடைத்து வைப்பதால், உள்ளிருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிப்பதில்லை. சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்.

மறுநாள் மூடியைத் திறந்தபோது உள்ளே கூலன்ட் இல்லை. காவி நிற நீர்.

"என்ன ஊற்றுகிறீர்கள், ஐயா?"

"போர்த் தண்ணீர்தான், தம்பி. வாரம் ஒரு செம்பு."

அடைபட்ட வட்டத்தில் ஓடும் நீர் வாரந்தோறும் குறையலாகாது. அது எங்கே போகிறது? எண்ணெய் மூடியின் உட்புறம் பால் கலந்த தேநீர் நிறத்தில் பசை படிந்திருந்தது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் கோத்தும் அவ்வாறு வருமாம். ஆகவே மெக்கானிக் அவசரப்படவில்லை. டிப்ஸ்டிக்கை உருவினார், அதிலும் அதே நிறம். எஞ்சினை ஓடவிட்டதும் ரேடியேட்டர் வாயில் குமிழிகள் ஓயாது எழும்பின. ஹெட் கேஸ்கெட் பழுதாகி, எண்ணெயும் நீரும் கலந்துவிட்டன.

தரைவிரிப்பையும் தூக்கிப் பார்த்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைக் கண்டுபிடிக்க அதுவே வழி. வண்டல் ஏதுமில்லை. அந்த மட்டில் பெரியவர் சொன்னது உண்மை.

அவர் முகம் வாடிவிட்டது. "உங்களைக் காக்க வைக்கலாகாது என்றுதான் நேற்றுச் சூடாக்கி வைத்தேன்" என்றார். நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் வேனை வாங்கவில்லை. பழுது பார்க்க ஆகும் செலவை மெக்கானிக் அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

வீடு திரும்பினேன். அம்மா பயணப் பையை அடுக்கிக் கட்டிலருகே வைத்திருந்தார்.