பாலைவனத்தில் ஒன்றுமே இல்லையா?

ஜெய்சால்மர் போய் வந்தவர்களிடம் "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டால், பதில் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். கோட்டை, ஒட்டகச் சவாரி, மணல்மேட்டில் சூரிய அஸ்தமனம், ராத்திரி கூடாரத்தில் ஆட்டம் பாட்டம். கடைசியில், "மத்தபடி அங்கே ஒண்ணுமே இல்லைங்க, வெறும் பொட்டல்" என்று முடிப்பார்கள்.

அந்த "ஒண்ணுமே இல்லை"யைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் ஊர். ஜெய்சால்மரில் ஆறு கிடையாது, துறைமுகம் கிடையாது. மழை ஆண்டுக்குச் சுமார் 20 செ.மீ.தான். ஆனாலும் 1156ல் ராவல் ஜெய்சால் எழுப்பிய அந்த மஞ்சள் கல் கோட்டைக்குள் இன்றைக்கும் குடும்பங்கள் வாழ்கின்றன. சோறு போட்டது எது? வியாபாரம்தான். சிந்து வழியாக மேற்கே போகும் ஒட்டக வண்டிப் பாதை இந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். சுங்கம், தரகு, வட்டி என்று பணம் குவிந்தது. பட்வா என்ற வியாபாரக் குடும்பம் 1805ல் தொடங்கி, ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து மாளிகை கட்டியது என்றால் வரவு எவ்வளவு என்று ஊகித்துக் கொள்ளலாம்! பிறகு கப்பல் வந்தது, பம்பாய் துறைமுகம் வளர்ந்தது. 1947ல் எல்லைக்கோடு விழுந்ததும் சிந்துப் பாதை அடைபட்டது. ஊர் படுத்துவிட்டது. மறுபடி எழுப்பியது சுற்றுலா. சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' படம் (1974) வந்த பிறகு வங்காளிகள் இந்தக் கோட்டையைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

ஆனால் எழுப்பிய அதே சுற்றுலா ஒரு தொல்லையும் கொண்டு வந்தது. தண்ணீர்! கடிசர் ஏரியிலிருந்து குடத்தில் சுமந்து வந்து, சொட்டுச் சொட்டாகச் செலவழித்த மக்களுக்காகக் கட்டிய கோட்டை அது. குழாயும், விடுதிக் குளியலறைகளும் வந்ததும் கழிவுநீர் கோட்டைக்கு அடியில் இருக்கும் மண்ணுக்குள் இறங்கியது. கீழே மண் இளக, மேலே கொத்தளங்கள் சரிந்தன. 2024 ஆகஸ்ட் மழையிலும் சுவரின் ஒரு பகுதி விழுந்தது. தண்ணீர் இல்லாமல் கெட்ட ஊர்கள் உண்டு. தண்ணீர் அதிகமாகிக் கெடுகிற கோட்டை இது.

மேற்கே 18 கி.மீ. போனால் குல்தரா. பாலிவால் பிராமணர்கள் விட்டுப்போன கிராமம். வழிகாட்டிகள் பேய்க்கதை சொல்வார்கள். கொடுமைக்கார திவான் கதையும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பேயை விட சுவாரசியமான விஷயம், அவர்கள் அங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்பது. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் நீளமாக ஒரு மண்கரை போடுவார்கள். சுற்றுப்புறத்துப் பாறையில் விழும் மழையெல்லாம் ஓடிவந்து அங்கே தேங்கும், மெல்ல மண்ணில் ஊறும். அந்த ஈரத்தை நம்பியே குளிர்காலத்தில் கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். இதற்கு 'கடீன்' என்று பெயர். ஒன்றுமே இல்லாத இடத்தில் கோதுமை!

சரி, இப்போது பாலைவன தேசியப் பூங்கா. ஜெய்சால்மர், பார்மர் என்று இரண்டு மாவட்டங்களில் 3,162 சதுர கி.மீ. பரப்பு. 1980ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஊரிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளி இருக்கும் சாம் மணல்மேடுகளைப் பார்த்துவிட்டு "பூங்கா முடிந்தது" என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் இந்தப் பூங்காவில் மணல்மேடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் பாறை, உப்புத்தரை, புதர், சேவன் என்கிற உயரமான புல். நடுநடுவே வன்னி மரம். ஆமாம், தமிழ்நாட்டில் கோயில்களில் நிற்கிற அதே வன்னிதான். ராஜஸ்தானின் மாநில மரம் அது. அதன் காயைக் காயவைத்துச் செய்யும் கறி ஜெய்சால்மர் சாப்பாட்டுக்கடைகளில் கிடைக்கும்.

அந்தப் புல்வெளியில் வாழ்வது கானமயில். பெயர்தான் மயில், மயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு மீட்டர் உயரம். ஆண் பறவை 15 கிலோ வரை எடை இருக்கும். பறக்கக்கூடிய பறவைகளில் மிகவும் கனமானவற்றில் ஒன்று. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்தது, அதனால்தான் அதற்குத் தமிழில் பெயரே இருக்கிறது. இன்றைக்கு உலகத்தில் மிஞ்சியிருப்பது 150க்கும் குறைவு. பெரும்பாலானவை இந்த ஒரு மாவட்டத்தில்தான்.

வருஷத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. அதுவும் தரையில். கூடாரங்கள் போடும் குப்பையைத் தின்று பெருகும் தெருநாய்கள் ஒரு பக்கம் முட்டையைத் தேடுகின்றன. அதைவிடப் பெரிய ஆபத்து மின்கம்பி. கானமயிலின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருக்கும் கம்பி சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் அந்த எடையோடு சட்டென்று விலக முடியாது. காற்றாலைகளும் சூரிய மின் தகடுகளும் பெருகப் பெருக கம்பிகளும் பெருகின.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இந்தப் பகுதியில் மின்கம்பிகளை மண்ணுக்கு அடியில் கொண்டுபோகச் சொன்னது. உயரழுத்தக் கம்பிகளை அப்படிப் புதைப்பது கஷ்டம், செலவும் ஏராளம் என்று அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி, ஒரு நிபுணர் குழுவிடம் விஷயத்தை ஒப்படைத்தது நீதிமன்றம். இதில் யாரை வில்லன் என்று சொல்வது? நிலக்கரிக்குப் பதில் சூரிய மின்சாரம் வேண்டும் என்பதும் நியாயம்தானே.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மின் நிலையத்துக்கு நிலம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது, வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'தரிசு' என்று எழுதப்பட்ட நிலம். அதில் பல இடங்கள் மேய்ச்சல் நிலம். சில இடங்கள் 'ஓரண்', அதாவது சாமிக்கு விட்ட காடு. மரம் வெட்டக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தது. ஆடுமாடு மேய்ப்பவருக்கு அது சொத்து. கானமயிலுக்கு அது வீடு. கணக்குப் புத்தகத்தில் மட்டும் பூஜ்யம்! வரவில் எழுதாத ஒன்று தொலைந்தால், நஷ்டத்தில் எப்படி எழுதுவார்கள்?

ஒரு வேடிக்கை... கானமயில் மிஞ்சியிருக்கும் இன்னொரு முக்கியமான இடம் பொக்ரானில் ராணுவம் குண்டு போட்டுப் பழகும் மைதானம். குண்டு விழுந்தாலும் பரவாயில்லை, கம்பியும் கூட்டமும் இல்லாமல் இருந்தால் போதும் என்று பறவை முடிவு செய்துவிட்டது போல.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2019 முதல் காட்டிலிருந்து முட்டைகளை எடுத்துவந்து சாமில் பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். 2024ல் செயற்கைக் கருவூட்டல் மூலமும் ஒரு குஞ்சு பிறந்தது. ஆனால் வளர்ந்தவற்றைக் கொண்டுபோய் விட புல்வெளி வேண்டுமே?

அடுத்த முறை ஜெய்சால்மர் போகிறவர்கள் ஒரு ராத்திரி ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டு, வனத்துறை அனுமதியோடு சுதாசரி பக்கம் ஒரு காலைப் பொழுதைச் செலவழிக்கலாம். கிராமத்து வண்டி, கிராமத்து வழிகாட்டி, கிராமத்துச் சாப்பாடு. காசு அந்தப் புல்வெளியைக் காப்பவர்கள் கைக்குப் போகும். கானமயில் கண்ணில் படுமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், திரும்பி வந்து "அங்கே ஒண்ணுமே இல்லை" என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.