விரைந்து வளர்வதும் நிலைத்து நிற்பதும்

மனிதர் குடியிருக்கும் மனைக்கு முன்வாசல் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது பின்கட்டு. முன்வாசல் விருந்தினருக்கு உரியது. பின்கட்டோ வீட்டாருக்கே உரியது. துணி துவைப்பதும், பாத்திரம் துலக்குவதும், வற்றல் காயவைப்பதும், முதியோர் காலை வெயிலில் சற்றே அமர்வதும் அங்கேதான். அவ்விடத்தைப் பிறர் பார்வை படாமல் காக்க மதில் எழுப்பலாம். அதற்குப் பொருள் வேண்டும். மரம் நடலாம், அதற்குப் பொறுமையும் தெளிவும் வேண்டும். நாங்கள் மரம் தேர்ந்தெடுத்த வரலாறு மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்னும் எண்ணத்தால் அதனை இங்கு எழுதுகின்றோம்.

தோட்டத்தை விட்டு, பட்டணத்தின் ஓரத்தில் மூலை வீடு ஒன்றில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. 2019ஆம் ஆண்டில் பின்சந்துக்கு அப்பால் இரண்டு மாடி வீடுகள் எழுந்தன. அவற்றின் மேல்மாடிச் சன்னல்கள் எங்கள் பின்கட்டை நோக்கி நின்றன. அவ்வீட்டார்மீது குற்றம் ஏதுமில்லை. காற்றுக்காகத் திறந்த சன்னல்களே அவை. ஆயினும், எங்கள் பாட்டியார் பகலில் பின்கட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். விடியுமுன் இருட்டில் துணி துவைத்தார்; வழுக்கும் தரையில் கைவிளக்கோடு நடந்தார். லயத்தின் பொதுக் குழாயடியில் பலரோடு கூசாமல் நின்று நீர் பிடித்தவர், சொந்த வீட்டில் ஒதுங்கி வாழ்வதைக் கண்டு எங்கள் உள்ளம் வருந்தியது. இனியும் காலம் தாழ்த்துதல் ஆகாது என்று முடிவு செய்தோம்.

எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை முதலில் அளந்தோம். துவைக்கும் கல்லருகே ஒருவர் அமர, மற்றொருவர் வேலியோரம் நீண்ட கழியொன்றை நிமிர்த்திப் பிடித்தார். கழியின் நுனி எதிர்ச் சன்னலின் மேல்விளிம்பை மறைத்தபோது அதன் உயரம் 12 அடி. வானளாவிய மரம் வேண்டியதில்லை என்பது அப்போதே விளங்கிற்று. மரம் நமக்கு அருகே நிற்க நிற்க, குறைந்த உயரமே மறைவுக்குப் போதும்.

விரைந்து வளரும் மரம் எது என்று கேட்டபோது, பலரும் சொன்ன பெயர் பாத்தாய். 1974ஆம் ஆண்டில் சபாவில் நடப்பட்ட அவ்வினத்து மரம் ஒன்று, 13 மாதங்களில் 10.74 மீட்டர், அதாவது ஏறத்தாழ 35 அடி வளர்ந்து உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. ஆனால், அதன் மரம் மென்மையானது. பலத்த காற்றில் கிளை முறிந்து விழும். கீழே குழந்தைகள் விளையாடும் இடத்திற்கு அஃது ஏற்றதன்று. 1966ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து சபாவிற்கு, தீ பரவாமல் தடுக்கும் பொருட்டுக் கொணரப்பட்ட அக்காசியா மாங்கியமும் விரைந்து வளர்வதே. ஆயினும், அதன் தண்டின் நடுப்பகுதி அழுகும் நோய்க்கு ஆளாவதுண்டு. வெளியே பசுமை, உள்ளே பொக்கை!

போத்து நட்டாலே துளிர்க்கும் முருங்கையையும் எண்ணினோம். ‘முருங்கை பருத்தால் தூணாகுமா?’ என்று பாட்டியார் சிரித்தார். சமையலுக்கு ஒன்று போதும் என்று மூலையில் ஒன்றை மட்டும் நட்டோம். மூங்கில் அழகிய மறைப்பே. ஆனால், அதன் புதர் ஆண்டுதோறும் அகலும்; எங்கள் நிலமோ குறுகியது. மேலும், மூங்கிலைக் கணுவுக்கு நடுவே வெட்டினால் அடிக்கட்டையில் மழைநீர் தேங்கி, டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகும். மூங்கில் வளர்ப்போர் கணுவை ஒட்டி மேலே வெட்டுதல் வேண்டும்.

இந்நிலையில் வழிகாட்டியது நாம் அனைவரும் அறிந்த இரப்பர்த் தோட்டமே. இளங்கன்றுகளை நட்டபின் இடைநிலத்தில் மூடுபயிர்க் கொடிகளை வளர்ப்பார்கள். அவை விரைந்து படர்ந்து மண் அரிப்பைத் தடுக்கும். மண்ணுக்கு உரமும் சேர்க்கும். இரப்பர் ஓங்கி நிழல் பரப்பியதும் அவை மெல்ல மறையும். அம்முறையையே நாங்களும் கைக்கொண்டோம்.

நிலையான மறைப்புக்கு நெட்டிலிங்கத்தைத் தேர்ந்தோம். பலர் இதனை அசோக மரம் என்று அழைப்பர். உண்மை அசோகம் வேறு. இது குறுகி நெடிது வளர்வது. ஆண்டு முழுதும் பசுமையாய் இருப்பது. நான்கடிக் கன்றுகளை நான்கடி இடைவெளியில், சாக்கடையை விட்டுத் தள்ளி நட்டோம். அவை மெல்லவே வளரும். ஆகவே, அவற்றுக்கு முன்வரிசையில் அகத்தி விதைகளை ஊன்றினோம். தமிழ்நாட்டின் வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடிக்குத் துணையாகவும் நிழலாகவும் நிற்பது இவ்வகத்தியே. அதன் வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. அகத்தியும் காற்றுக்கு ஒடியக்கூடியதே. ஆதலால், 12 அடிக்கு மேல் ஓங்கவிடாமல் நுனியை வெட்டிவந்தோம். பக்கக் கிளைகள் அடர்ந்தன. அடிப்பகுதியை மறைக்கச் செம்பருத்திக் குச்சிகளை நட்டோம். 1960ஆம் ஆண்டில் மலாயாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட அம்மலர், வெட்ட வெட்டத் தழைப்பது.

நடுவதற்குமுன் பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தாரிடமும் பேசினோம். விழும் இலைகளை நாங்களே பெருக்குவதாக வாக்களித்தோம். இன்றும் காத்து வருகின்றோம். வேலி மனையைப் பிரிக்கலாம். மனத்தைப் பிரித்தல் ஆகாது.

ஓராண்டு முடிவதற்குள் அகத்தி சன்னல்களை மறைத்தது. பாட்டியார் மீண்டும் பகல் வெளிச்சத்தில் துணி உலர்த்தினார். நாற்காலியிட்டு அமர்ந்து கீரை ஆய்ந்தார். 2023ஆம் ஆண்டில் நெட்டிலிங்கம் 12 அடியை எட்டியதும், முதுமையுற்ற அகத்திகளை ஒவ்வொன்றாக வெட்டினோம். வெட்டும்போது கை சற்றே தயங்கியது உண்மை.

விரைந்து வளர்வதெல்லாம் தாழ்ந்ததும் அன்று. மெல்ல வளர்வதெல்லாம் வீணும் அன்று. ஒன்று இன்றைய தேவைக்கு. மற்றொன்று நாளைய வாழ்வுக்கு. இளங்கன்று தலையெடுக்கும்வரை தாம் முன்னின்று வெயிலைத் தாங்கும் அகத்தியைப் போன்றவர்கள் நம் தோட்டப் பெற்றோர். மாணவச் செல்வங்களே! அந்நிழலில் நிற்கும் நீங்கள் அவசரமின்றி, ஆழ வேரூன்றி, நேராக வளருங்கள்.