ஓரமா மேலே ஏத்துப்பா!

நடைபாதை என்னும் சொல்லுக்கு உரையாசிரியர் தேவையில்லை. ஆயினும் நம் கல்லூரிப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வாயில் வரை செல்லும் நடைபாதையைப் புதிதாய்ப் பார்ப்பவர், மோட்டார் சைக்கிள்கள் வெயில் காய்வதற்கென்று கட்டிய மேடை என்றே அதை எண்ணுவார்!

என் வகுப்புத் தோழன் ஒருவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. காலையில் பேருந்தை விட்டிறங்கி இருவரும் சேர்ந்தே வருவோம். உண்மையில் அவனுக்குத் துணையே வேண்டாம். வழி சீராக இருந்தால் அவனுடைய வெள்ளைக்கோல் போதும். மருந்துக்கடை வரை அப்படித்தான் விறுவிறுவென்று நடப்பான். அங்கே கோல் 'டங்' என்று ஒரு சக்கரத்தில் மோதும். அதற்கப்பால் வரிசையாக வண்டிகள். கோல் தரையில் உள்ள சக்கரத்தைக் காட்டிக் கொடுக்கும். இடுப்பளவில் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியைக் காட்டாது. அப்போதுதான் கொண்டுவந்து நிறுத்திய வண்டியின் சைலன்சர் அவன் கெண்டைக்காலில் சுட்ட வடு இன்னும் மாறவில்லை. வேறு வழியின்றிச் சாலையில் இறங்கினால், முதுகுக்குப் பின்னால் பேருந்தின் ஹாரன்.

காவல்துறை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. சில நாட்களில் வண்டிகளை அள்ளிச் செல்லும் லாரி வரும். ஒலிபெருக்கியில் எண்களைப் படிக்கத் தொடங்கியதும், குடித்த டீ பாதி, குடிக்காத டீ பாதியாகக் கடைகளுக்குள்ளிருந்து ஆட்கள் ஓடிவரும் காட்சி நம் கலைவிழாவில் கூடக் காணக் கிடைக்காது. என் தோழனுக்கு அந்தக் குரலே தேவகானம். "இன்னிக்கு நம்ம ராஜ்ஜியம்டா!" என்பான். மூன்றாவது பாடவேளைக்குள் அந்த ராஜ்ஜியம் கவிழ்ந்துவிடும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. நடைபாதையில் வண்டி நிறுத்தலாகாது என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளே சொல்லின. அவற்றுக்கு மாற்றாக வந்த 2017-ஆம் ஆண்டின் விதிகளும் சொல்கின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவின்படி முதல் தவறுக்கு 100 ரூபாய் வரை என்றிருந்த அபராதம், 2019-இல் வந்த திருத்தத்தால் 500 ரூபாய் வரை உயர்ந்தது. அப்படியிருந்தும் ஏன் இந்த நிலை? எனக்கு விடை கிடைத்தது ஒரு மாலை வேளையில்.

டீக்கடை எதிரே சாலையை அடைத்துக்கொண்டு ஒருவர் வண்டியை நிறுத்தினார். பணியிலிருந்த காவலர் விசில் ஊதினார். "பஸ் போக வேணாமா? ஓரமா மேலே ஏத்துப்பா!" வண்டி கீழ்ப்படிந்து நடைபாதையில் ஏறி, எங்கள் முன்னால் குறுக்கே நின்றது. "சார், அதை மேலே ஏத்திட்டா நான் எங்கே போறது?" என்று கேட்டான் தோழன். காவலர் அப்போதுதான் கோலைப் பார்த்தார். பதறிப்போய் ஓடிவந்து அவன் கையைப் பற்றினார். மறு கையால் ஒரு லாரியையே நிறுத்தி, சாலை வழியாக அழைத்துச் சென்று, வண்டிகளுக்கு அப்பால் விட்டார். "பாத்துப் போ தம்பி" என்றார். குரலில் உண்மையான பரிவு.

அவர் நல்ல மனிதர். போக்குவரத்து என்றால் சக்கரங்களின் வரத்து என்று மட்டுமே அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. கால்களுக்கு அதில் இடமில்லை. சாலைக்கு இடைஞ்சலானதை ஒதுக்கி வைக்கும் இடமே நடைபாதை. ஆகவே காவல்துறையின் ஒரு கை வண்டியை இறக்குகிறது. மறு கை ஏற்றுகிறது. "வண்டியைத் தலையிலா தூக்கி வைத்துக்கொள்வது?" என்று கடைக்கு வருவோர் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் அதை, வண்டி நிறுத்த இடம் விடாமல் கடை கட்டியவரிடமும் கட்ட விட்டவரிடமும் அல்லவா கேட்கவேண்டும்? நடப்பவருக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டு நெறி. ஒரு மோட்டார் சைக்கிளின் நீளமே ஏறத்தாழ இரண்டு மீட்டர். குறுக்கே ஒன்று நின்றால் கணக்கு தீர்ந்தது.

நடைபாதையில் நடக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கு அது. செய்தியை நூலகத்தில் படித்துக் காட்டினேன். "நல்லது. இதை மருந்துக்கடைக்காரருக்கு யாருடா படிச்சுக் காட்டுறது?" என்றான்.

பிறகு அவனே ஒரு மனு சொன்னான், நான் எழுதினேன். மருந்துக்கடை, டீக்கடை, ஜெராக்ஸ் கடை என்று வரிசையாகச் சொல்லி வந்தவன் நிறுத்தினான்.

"இதுக்கெல்லாம் முன்னாடி, நம்ம காலேஜ் வாசல்ல நிக்கிற பதினேழு வண்டியை எழுது."

"பதினேழுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் தட்டிப் பாத்துட்டுத்தானே வர்றேன்."

எழுதினேன். காவல் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்திருக்கிறார்கள்.