கல்லூரி அணியில் மிஞ்சியவர்கள்



விளையாட்டைப் பற்றிக் குடும்ப இதழில் எழுதுவானேன் என்று எண்ண வேண்டாம். உங்கள் இல்லத்துப் பிள்ளை ஒருவன் மட்டையும் பந்துமாக அலைகிறான் என்றால், இது உங்கள் வீட்டுச் செய்திதான்.

காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டில் வசிப்பவன் நான். பட்டுத்தறியும் பாலாறும் எங்கள் ஊரின் அடையாளங்கள். நீரற்ற ஆற்று மணலில் ஆடிப் பழகிய என் மகன், இன்று ஒரு கல்லூரியின் கிரிக்கெட் அணியில் விக்கெட் கீப்பர். சென்ற ஆண்டு அவ்வணியின் வேகப்பந்து வீச்சாளர், இரண்டாமாண்டுப் படிப்பின் நடுவே, தொழில்முறை அணியொன்றின் அழைப்பை ஏற்றுக் கல்லூரியை விட்டே விலகிவிட்டார். அவர் வாழ்வு சிறக்க வேண்டும் என்பதே எங்கள் துஆ. ஆனால், "அவன் வீசிய பந்தைப் பிடித்துத்தான் அத்தா நான் கற்றேன், இனி யாரிடம் கற்பது?" என்று மகன் கேட்டபோது, எனக்குச் சட்டென்று விடை தோன்றவில்லை. பயிற்சிக்கு வருவோரும் பாதியாகக் குறைந்துவிட்டனராம்.

ஒரு காலத்தில் கல்லூரி மைதானமே கிரிக்கெட்டின் நாற்றங்காலாக இருந்தது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ரோஹின்டன் பாரியா கோப்பைப் போட்டி 1935இல் தொடங்கியது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அணிக்குத் தலைமை தாங்கிய மன்சூர் அலிகான் பட்டோடி, 1962இல், தம் 21ஆம் வயதில் இந்திய அணியின் தலைவரானார். சென்னையின் வெங்கட்ராகவன் 19 வயதில் டெஸ்ட் ஆட்டக்காரரானார். பொறியியல் பட்டமும் பெற்றார். நம் காலத்து அஸ்வினும் பொறியியல் பட்டதாரியே.

2008இல் ஐ.பி.எல். வந்தது, 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் வந்தது. 2024 நவம்பரில் ஜித்தாவில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் 13 வயதுச் சிறுவன் வைபவ் சூரியவன்ஷியை 1.10 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். மறு ஏப்ரலில் அவன் 35 பந்துகளில் சதமடித்தான். இதைக் கண்டு பெற்றோர் மயங்குவதில் வியப்பில்லை. ஆயினும் கணக்கிட்டுப் பாருங்கள்: 10 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 25 பேர். ஆக 250 இடங்கள். அவற்றிலும் 80 வரை வெளிநாட்டாருக்குப் போகலாம்.

அமெரிக்கக் கூடைப்பந்திலும் இதே சிக்கல் உண்டு. கரீம் அப்துல் ஜப்பார், 1967 முதல் 1969 வரை தம் பல்கலைக்கழகத்துக்குத் தொடர்ந்து மூன்று சாம்பியன் பட்டங்களை ஈட்டித் தந்து, பட்டமும் பெற்ற பின்னரே தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றார். பிற்காலத்தில் பள்ளியிலிருந்தே நேராகத் தாவுவோர் பெருகினர். எனவே 19 வயதாக வேண்டும் என்ற விதி 2006 முதல் நடைமுறைக்கு வந்தது. விளைவு, ஓராண்டு மட்டும் கல்லூரியில் தங்கிச் செல்வது பலருக்கு வழக்கமாயிற்று. பெரிய கல்லூரிகள் சில ஆண்டுதோறும் புதிய அணியைக் கட்ட வேண்டியதாயிற்று. ஆனால் அங்கே திரும்பி வரும் வழியும் உண்டு. 1992இல் இடையில் சென்ற ஷக்கீல் ஓ'நீல், 2000இல் பட்டம் பெற்றார்.

போகிறவரைத் தடுப்பது நியாயமன்று. கூலிக்குத் தறி நெய்யும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வருமானம் குடும்பத்தின் கடனைத் தீர்க்கும். ஆனால் தறியைச் சில நாள் நிறுத்தி வைப்பது வேறு, பாவை அறுத்துவிடுவது வேறு என்பதை எங்கள் ஊரில் சிறு பிள்ளையும் அறியும். நின்ற தறியில் விட்ட இடத்திலிருந்து நெய்யலாம். அறுத்த பாவையோ இழை இழையாகப் பிணைக்க வேண்டும். தமிழ்நாட்டு லீக் அண்மை ஆண்டுகளில் ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் முடிந்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களுக்கு விடுப்பும், தவறிய தேர்வுக்கு மறுவாய்ப்பும் தந்தால், அந்த மாணவர் எஞ்சிய மாதங்களில் கல்லூரிக்கே ஆடலாம். காயம் பட்டு ஆட்டம் நின்றாலும் படிப்பு கைகொடுக்கும்.

பெற்றோர்களே! ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கல்லூரி முதல்வரைக் கண்டு, மகனின் இடம் காக்கப்படுமா என்று கேளுங்கள். அழைப்பு வராத பிள்ளைகளின் பெற்றோரும் வாளாவிருக்க வேண்டாம். நல்ல பயிற்சியாளரையும் போதிய போட்டிகளையும் கல்லூரியிடம் கேட்டுப் பெறுங்கள். நானும் என் மகனுடைய கல்லூரிக்கு அவ்வாறே விண்ணப்பம் எழுதியுள்ளேன். பன்னிரண்டு பெற்றோர் கையொப்பமிட்டிருக்கின்றனர். விலகிச் சென்ற அந்தப் பந்துவீச்சாளரின் தந்தையும் அவர்களுள் ஒருவர்.